மில்லு சீட்டும் ஜப்பான் நோட்டும்

முதல்லயே ஒரு டிஸ்கி: நான் சரித்திரம் படிச்சவன் இல்லை. படிச்சது பொறியியல், பார்க்கிறது ஆணி புடுங்கற வேலை. பழைய காசு சேர்க்கிற கிறுக்கு மட்டும் கொஞ்சம் உண்டு. அந்தக் கிறுக்குல நான் பண்ணின ஒரு கேவலமான காரியமும் இந்தப் பதிவுல வருது. திட்டணும்னு தோணினா தாராளமா திட்டுங்க.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

நான் பொறந்து வளர்ந்தது மணலியில். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அவற்றைச் சுத்தி பேர் தெரியாத நூறு கம்பெனிங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு மூக்கை வச்சே சொல்லிடுவோம். எங்க அப்பா அங்க ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். கேன்டீனுக்கு டோக்கன் கொடுப்பாங்க. வட்டமா, பிளாஸ்டிக்ல, நடுவுல ஓட்டை. டீக்கு பச்சை, சாப்பாட்டுக்குச் சிவப்பு. மாசக் கடைசியில சட்டைப் பையில காசு இருக்காது, டோக்கன் மட்டும் இருக்கும். கேட்டுக்கு வெளியில டீக்கடை வச்சிருந்த அண்ணாச்சி அந்த டோக்கனையும் வாங்கிப்பார். என்ன, மூணு பச்சை கொடுத்தா ரெண்டு டீ. அவருக்கு உள்ளே ஒரு ஆள் இருந்திருக்கணும், இல்லேன்னா அவ்வளவு டோக்கனை வச்சு என்ன பண்ணுவார்? எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது அப்பா அங்க ஒரு பச்சை டோக்கனுக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தார். அப்ப தெரியாது, நான் பார்த்தது ஒரு தொழிற்சாலை அச்சடிச்ச பணம்னு.

அந்த டோக்கனுக்கு அடிப்படை ரெண்டே விஷயம். ஒண்ணு, உள்ளே உண்மையிலேயே டீ இருக்கு. ரெண்டு, வெளியில இருக்கிறவனும் அதை நம்பறான். சில்லறை அமோகமா கிடைக்கிற காலத்துல இது வேடிக்கை. நாட்டுல சில்லறையே இல்லாமப் போனா? இல்ல, நோட்டு அடிக்கிற அரசாங்கமே ஓடிப்போய் வேற ராணுவம் வந்து உட்கார்ந்துட்டா?

ஐரோப்பாவில் இது பெரிய அளவில் நடந்திருக்கு. அதுக்கு ஜெர்மன் மொழியில நோட்கெல்ட்னு பேரு. நம்ம 'நோட்டு' இல்லைங்க, அவங்க மொழியில 'நோட்'னா நெருக்கடி, 'கெல்ட்'னா பணம் :-) 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் தொடங்கினதும் ஜனங்க பண்ணின முதல் வேலை, கையில கிடைச்ச வெள்ளிக் காசையெல்லாம் பதுக்கினது. அப்புறம் செம்பு, நிக்கல் எல்லாம் குண்டு செய்யப் போச்சு. காசு அடிக்க இரும்பும் துத்தநாகமும்தான் மிச்சம், அதுவும் போதலை. சனிக்கிழமை ஆனா தொழிலாளிக்குக் கூலி கொடுத்தாகணுமே. அதனால நகராட்சி, சுரங்கம், ஆலை எல்லாம் தன் பேரைப் போட்டு சின்னச் சின்ன நோட்டு அடிச்சுது. உள்ளூர்க் கடைக்காரர் வாங்கிப்பார், வாங்கினதைக் கொண்டுபோய் ஆலை ஆபீஸ்ல நல்ல பணமா மாத்திப்பார்.

ஜெர்மனி பிடிச்ச ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். பெல்ஜியத்தின் தேசிய வங்கி தங்கத்தையும் நோட்டு அச்சடிக்கிற தகடுகளையும் லண்டனுக்கு அனுப்பிடுச்சு. கோபத்துல ஜெர்மானியர்கள் அந்த வங்கியோட உரிமையைப் பிடுங்கி, சொசியேத்தே ஜெனரால் என்கிற தனியார் வங்கி கையில கொடுத்தாங்க. வட பிரான்சின் லீல் மாதிரி ஊர்கள் 1914 அக்டோபர்லேர்ந்து நாலு வருஷம் பாரிசோட தொடர்பே இல்லாம இருந்துச்சு. பாரிஸ்லேர்ந்து ஒரு பிராங்க் வராது. ஆனா பிடிச்சு உட்கார்ந்திருக்கிற ராணுவம் மட்டும் ஊருக்கு ஊர் கப்பம் கேட்கும். அங்கேயும் ஊராட்சிகள் தங்களுக்குத் தாங்களே சீட்டு அடிச்சுக்கிட்டாங்க. போர் முடிஞ்சப்புறம் அதையெல்லாம் மாத்திக் கொடுக்கவே வருஷக்கணக்கு ஆச்சு.

தொழிற்சாலை நோட்டுகளோட உச்சம் 1923. நஷ்டஈட்டுப் பாக்கிக்காக பிரெஞ்சு, பெல்ஜிய ராணுவம் ஜனவரி 11-ம் தேதி ரூர் பகுதிக்குள்ள நுழைஞ்சுது. நிலக்கரியும் இரும்பும் விளையற பூமி. தொழிலாளர்கள் ஒத்துழையாமை பண்ணினாங்க. அதாவது வேலை செய்ய மாட்டோம், ஆனா கூலி வரணும். பெர்லின் அரசாங்கம் கூலி கொடுக்க நோட்டு அடிச்சு அனுப்பும், பிரெஞ்சு ராணுவம் வழியிலயே பிடுங்கும். அதனால ஆலைகளே அடிக்க வேண்டியதாச்சு. எஸ்ஸென் ஊர்ல க்ரூப் கம்பெனி நோட்டு அடிச்சது இப்படித்தான். அதே க்ரூப் ஆலையில்தான் மார்ச் 31-ம் தேதி லாரிகளைப் பறிமுதல் பண்ண வந்த பிரெஞ்சு வீரர்கள் சுட்டு 13 தொழிலாளிகள் செத்தாங்க. ரைன் நதிக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுப் பிடியில இருந்த லுட்விக்ஸ்ஹாஃபன்ல பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியும் நோட்டு அடிச்சுது. காத்துலேர்ந்து அம்மோனியா எடுக்கிற முறையை முதல்ல பெரிய அளவில் கொண்டுவந்த கம்பெனி அது. எங்க ஊர் உர ஆலையில அம்மோனியா வாடை பிடிச்சு வளர்ந்தவனுக்கு அந்த நோட்டு மேல ஒரு தனிப் பாசம் :-)

அந்த வருஷக் கடைசியில விலைவாசி எங்க போச்சுன்னா, நவம்பர்ல புது மார்க் வந்தப்ப பழைய மார்க் ஒரு லட்சம் கோடி கொடுத்தா புதுசு ஒண்ணு. நம்ம 32 பிட் இன்டிஜர் 214 கோடியைத் தாண்டினாலே கவுந்துடும். அன்னைக்கு பேங்க் கேஷியர் எல்லாம் கையால கூட்டியிருக்காங்க!

இதுல ஒரு காமெடியும் உண்டு. 1920-லேர்ந்து 1922 வரைக்கும் ஜனங்க இந்த நோட்டைச் செலவு பண்றதை விட்டுட்டு ஆல்பத்துல ஒட்ட ஆரம்பிச்சாங்க. ஊருக்கு ஊர் அழகழகா கலர்ல அடிச்சு நேரா சேகரிக்கிறவங்களுக்கே வித்தாங்க. மைஸ்ஸன்ல பீங்கான்ல காசு. பீலஃபெல்ட்ல பட்டுத் துணியில நோட்டு. தோல் தொழில் நடந்த ஊர்ல தோல்லயே நோட்டு. திரும்பி வராத நோட்டு அடிச்சவனுக்கு லாபம்தானே. வட்டியில்லாக் கடன் கூட இல்லை, சும்மா வந்த பணம். நான் முதல்ல வாங்கினதும் இந்த ரகம்தான். வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, அதை வச்சு எவனும் எங்கேயும் ஒரு ரொட்டி கூட வாங்கினது இல்லைன்னு. கைபடாத, மடிப்பில்லாத நோட்டுன்னு பெருமையா வாங்கினேன். கைபடாததுக்குக் காரணம் அதுதான். ஙே!

சிரிப்பு வராத இன்னொரு ரகம் இருக்கு. போலந்தின் வூட்ஜ் நம்ம கோயம்புத்தூர் மாதிரி நெசவு ஊர். 1940-ல ஜெர்மானியர்கள் அங்க யூதர்களை ஒரு பகுதியில அடைச்சு மூடினாங்க. கையில இருந்த மார்க், டாலர், நகை எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு 'ரசீது'ன்னு அச்சடிச்ச காகிதத்தைக் கொடுத்தாங்க. நோட்டு மேல உண்மையிலேயே அப்படித்தான் போட்டிருக்கு, ரசீது. உள்ளே பட்டறைகளில் ஜெர்மன் ராணுவத்துக்குச் சீருடை தைச்சவங்களுக்குக் கூலியும் அந்தக் காகிதம்தான். வேலிக்கு வெளியே அது செல்லாது, அதனால யாரும் காசு கொடுத்துத் தப்பிக்க முடியாது. பணத்தை வச்சே பூட்டு போட்டிருக்காங்க. 1944 ஆகஸ்டில் மிச்சமிருந்தவர்களை ஆஷ்விட்ஸ் அனுப்பினாங்க. அந்த ரசீதுகள் ஏலத்தில் வருது. ஒரு தடவை கிட்டப்போய், வாங்காம வந்துட்டேன். வாங்கறவங்களைத் தப்பு சொல்லலை. எனக்கு அதை எந்தப் பக்கத்துல வைக்கிறதுன்னு தெரியலை, அவ்வளவுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். நம்ம பக்கம்?

முதல் உலகப்போர்ல வெள்ளி தட்டுப்பாடு வந்து 1917 நவம்பர் 30-ம் தேதி பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு ரூபாய் நோட்டு விட்டுது. கூடவே ரெண்டரை ரூபாய் நோட்டும். (ஆமாங்க, ரெண்டு ரூபா எட்டணா!) இரண்டாம் உலகப்போர்ல அதே கதை. ஜனங்க வெள்ளியைப் பதுக்க, 1940 ஆகஸ்டில் ஒரு ரூபாய் நோட்டு திரும்ப வந்துச்சு. வெள்ளிக் காசுல வெள்ளி பாதியாச்சு. 1943-ல ஓட்டைக் காலணா வந்துச்சு. பல பேர் வீட்டுல இன்னும் கிடக்கும், அரைஞாண் கயிறுல கோத்துக் கட்டினதைக்கூடப் பார்த்திருப்பீங்க. பிக்கானேர், பூந்தி, ஜூனாகத், மோர்வி மாதிரி சமஸ்தானங்கள் சில்லறைக்குப் பதிலா அட்டைக் கூப்பன் அடிச்சாங்க. தபால்தலை சைசுக்குக் கொஞ்சம் பெருசா இருக்கும். இலங்கையில இன்னும் சுவாரசியம். 1942-ல ஒரு அஞ்சு சத நோட்டு, நடுவுல தபால்தலை மாதிரி துளை போட்டிருக்கும். கிழிச்சா ஒரு பக்கம் ரெண்டு சதம், இன்னொரு பக்கம் மூணு சதம். இதைவிடச் சுலபமா சில்லறை மாத்த முடியுமா?

ஆனா ஆக்கிரமிப்பு, ராணுவம், ராத்திரியோட ராத்திரி செல்லாமப் போற பணம், இதெல்லாம் மெட்ராசுக்கு வரலை. 1914 செப்டம்பர்ல எம்டன் வந்து துறைமுகத்துப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளை எரிச்சுட்டுப் போனான். 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் வர்றான்னு ஊரே காலி பண்ணிட்டு ஓடிச்சு, மிருகக்காட்சிசாலை சிங்கம் புலியைக்கூடச் சுட்டுட்டாங்க. அவன் வரலை. கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டுட்டுத் திரும்பிட்டான்.

அவன் வந்த இடத்துல எங்க ஆயா இருந்தாங்க.

அப்பாவோட அம்மா. 1932-ல ரங்கூன் பக்கம் பொறந்தவங்க. ஆயாவோட அப்பாவை ஆயா 'நைனா'ன்னுதான் சொல்லும், நானும் அப்படியே சொல்றேன். நைனாவுக்கு ஆத்தங்கரையில ஒரு அரிசி மில்லுல வேலை. 1941 டிசம்பர் 23-ம் தேதி ரங்கூன் மேல குண்டு விழுந்துது. 1942 மார்ச் 8-ம் தேதி ஜப்பான் ராணுவம் ஊருக்குள்ள வந்துது. நாலஞ்சு லட்சம் இந்தியர்கள் கப்பலிலும் காட்டு வழி நடந்தும் கிளம்பினாங்க, வழியில செத்தது பல்லாயிரம் பேர். ஆயாவோட அம்மா அப்ப நிறைமாசம். அதனால இவங்க கிளம்பலை. "நடந்தவங்க செத்தாங்க, நின்னவங்க காஞ்சாங்க"ன்னு ஆயா ஒரே வரியில முடிச்சிடும்.

ஜப்பான்காரன் வரும்போதே நோட்டை அடிச்சு மூட்டை கட்டி எடுத்துட்டு வந்தான். பிடிக்கப்போற ஒவ்வொரு நாட்டுக்கும் தனி நோட்டு, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு எழுத்து. மலாயாவுக்கு 'எம்', பர்மாவுக்கு 'பி', பிலிப்பைன்சுக்கும் அதுக்கான 'பி'. (தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாயிடுது, மன்னிக்க. பர்மாவுக்கு இங்கிலீஷ் அகரவரிசையில ரெண்டாவது எழுத்து.) மலாயாவோட பத்து டாலர் நோட்டுல வாழைத்தாரு படம், அதனால அதுக்குப் பேரே வாழை நோட்டு. சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டங்கள்லேர்ந்து பிடிச்சுட்டுப்போன நம்ம தமிழாளுங்களுக்குக் கூலின்னு கொடுத்ததும் இந்தக் காகிதம்தான். பர்மாவுல ரூபாயாவே விட்டான், ஆனா அணாக் கணக்கை ஒழிச்சு ரூபாய்க்கு நூறு சென்ட்டுன்னு வச்சான். ஒரு சென்ட்டுலேர்ந்து நூறு ரூபாய் வரைக்கும். நோட்டு மேல 'ஜப்பான் அரசாங்கம்'னு இங்கிலீஷ்ல இருக்கும். யாரோட போர் பண்றானோ அவன் மொழியிலதான் பணத்தை அடிச்சிருக்கான், பாருங்க.

நோட்டுக்குப் பின்னாடி தங்கமும் கிடையாது, சரக்கும் கிடையாது. பர்மா அரிசி போருக்கு முன்னாடி வருஷத்துக்கு முப்பது லட்சம் டன் ஏற்றுமதி ஆகும். கப்பல் இல்லாமப் போனதும் அரிசி மில் எல்லாம் படுத்துடுச்சு. ஒரு பக்கம் அரிசி தேங்கிக் கிடக்கு, இன்னொரு பக்கம் துணி, உப்பு, எண்ணெய் எதுவும் கிடைக்காது. நோட்டு மட்டும் நாளுக்கு நாள் ஜாஸ்தி.

ஆயா சொன்ன கதை இங்கதான் வருது. நைனா வேலை பார்த்த மில்லு முழுசா மூடலை, உள்ளூருக்குக் கொஞ்சம் ஓடிச்சு. முதல்ல கூலியை ஜப்பான் நோட்டுல கொடுத்தாங்க. வாங்கிட்டுக் கடைக்குப் போறதுக்குள்ள விலை ஏறியிருக்கும். கொஞ்ச நாள் கழிச்சு மில்லு கணக்கப்பிள்ளை ஒரு வேலை பண்ணினார். பழைய கணக்கு நோட்டைத் துண்டு துண்டா கிழிச்சு, ஒவ்வொண்ணுலயும் இத்தனை படின்னு எழுதி மில்லு முத்திரையைக் குத்தி, பாதிக் கூலியை அந்தச் சீட்டா கொடுத்தார். சீட்டைக் கொண்டுபோய் மில்லு கிடங்குல கொடுத்தா அரிசி. அவ்வளவுதான்.

"அந்தச் சீட்டுக்குத்தான்டா மரியாதை"ன்னு ஆயா சொல்லும். "மீன்காரி வாங்குவா, வண்ணாத்தி வாங்குவா, வைத்தியரு வாங்குவாரு. ஜப்பான் நோட்ட நீட்டுனா மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. வாங்க மாட்டேன்னும் சொல்ல முடியாது, அடி விழும். சரக்கு இல்லன்னுருவாங்க."

யோசிச்சுப் பார்த்தா இது அப்படியே லீல், எஸ்ஸென் கதை. எந்த சேகரிப்புப் பட்டியலிலும் அந்த மில்லு சீட்டு இல்லை, நானும் தேடாத இடம் இல்லை. ஒரு கணக்கப்பிள்ளை கிழிச்ச காகிதம் எப்படி மிஞ்சும்? ஒவ்வொரு சீட்டும் அரிசியாகி வயித்துக்குள்ள போயிடுச்சு. மிஞ்சினது யாருக்கும் வேண்டாத ஜப்பான் நோட்டு மட்டும்தான். என் ஆல்பத்தைத் திறந்து பார்த்தா இப்ப எனக்கு அப்படித்தான் தெரியுது. சொன்ன வாக்கைக் காப்பாத்தின பணம் எல்லாம் மாத்திக் கொடுத்து, கிழிச்சு, எரிச்சு முடிஞ்சு போச்சு. நாங்க சேர்க்கறது பெரும்பாலும் ஏமாத்தினதை.

1945 மே மாசம் ஆங்கிலேயர்கள் ரங்கூனுக்குத் திரும்பினாங்க. இந்திய ரூபாய் நோட்டு மேலயே 'பர்மா ராணுவ நிர்வாகம்'னு முத்திரை குத்தி விட்டாங்க. ஜப்பான் நோட்டு செல்லாது, மாத்தவும் முடியாது. தெருவுல கத்தை கத்தையா கிடந்த போட்டோ எல்லாம் இருக்கு. ஜப்பான்காரன் கொடுத்த கடனுக்கு யார் பொறுப்புன்னு அப்புறமும் ரொம்ப நாள் சண்டை நடந்துது. பிலிப்பைன்ஸ்ல ஒரு சங்கமே ஆரம்பிச்சு நோட்டுல முத்திரை குத்தி வழக்குப் போட்டாங்க, 1967-ல அமெரிக்க நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு. ஹாங்காங்காரங்க டோக்கியோவுக்கே போய் வழக்காடினாங்க, 1999-ல அதுவும் தள்ளுபடி.

நைனா வழக்குப் போடலை. நோட்டுக் கத்தையை வச்சு அடுப்பும் எரிக்கலை. மரப்பெட்டியில போட்டு வச்சார்.

ரெண்டாவது அடி 1964-ல. நெ வின் அரசாங்கம் கடைகளையெல்லாம் தேசியமயம்னு எடுத்துக்கிச்சு. மே மாசம் அம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சுது. லட்சக்கணக்குல இந்தியர்கள் கிளம்ப வேண்டியதாச்சு. ஆயா, தாத்தா, கைக்குழந்தையா எங்க அப்பா, எல்லாரும் கப்பல் ஏறி மெட்ராஸ் துறைமுகத்துல இறங்கினாங்க. கிளம்பற இடத்துல சோதனை. நகை, நல்ல துணி, ரொக்கம் எதுவும் தாண்டலை. அந்தக் கத்தையை மட்டும் சோதனை பண்ணினவன் பிரிச்சுப் பார்த்துச் சிரிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். வியாசர்பாடியில கொஞ்ச நாள், எண்ணூர்ல கொஞ்ச நாள், அப்புறம் மணலி. (பீச் லைன் பக்கம் அத்தோ சாப்பிடும்போதெல்லாம் ஆயா குறை சொல்லும். "இதுல பூண்டு பத்தல".)

மூணாவது 2016 நவம்பர் 8-ம் தேதி. ராத்திரி எட்டு மணிக்கு டி.வி.யில அறிவிப்பு. நான் அப்ப ரெண்டாம் வருஷம் படிச்சிட்டிருந்தேன். அப்பா அவசரமா, "யம்மா, உன் டப்பாவுல ஐந்நூறு எத்தினி வச்சிருக்க?"ன்னு கேட்டார். ஆயாவுக்கு 84 வயசு. டி.வி.யைப் பார்த்துட்டு, "இன்னாடா, இங்கியுமா?"ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான், பயமெல்லாம் இல்லை, ஒரு மாதிரி சலிப்பு. தகர டப்பாவைத் திறந்தா மேல பதினொரு ஐந்நூறு ரூபா நோட்டு. அதுக்குக் கீழ வெத்தலை காஞ்ச மாதிரி பழுப்பா ஒரு கத்தை, நூலால கட்டி. எனக்கு அதுவரைக்கும் அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது.

ஐந்நூறு எல்லாம் வரிசையில நின்னு மாத்திட்டோம். அந்தக் கத்தை என் கைக்கு வந்துது. மொத்தம் 37 நோட்டு. ஒரு ரூபா, அஞ்சு ரூபா, பத்து ரூபா, ரெண்டே ரெண்டு நூறு. நெட்ல தேடி என்ன ஏதுன்னு கண்டுபிடிச்சேன். விலையும் பார்த்தேன், ரொம்ப சல்லிசு. உலகம் பூரா கோடிக்கணக்குல கிடக்கு. ஆனா கைபடாத சுத்தமான நோட்டுன்னா கொஞ்சம் கூட வரும்னு போட்டிருந்துது. எங்க நோட்டுகள்ல ஏழெட்டுல பின்பக்கம் பென்சில்ல ஏதோ கிறுக்கல். பழுப்பு மேல சாம்பல் கலர், சரியா தெரியக்கூட இல்லை.

நான் ரப்பரை எடுத்தேன்.

நல்ல ரப்பர்தான், வரைபட வகுப்புக்கு வாங்கினது. நூறு ரூபா நோட்டு ஒண்ணை மேசையில வச்சு ஓரத்துலேர்ந்து மெதுவா தேய்ச்சேன். நல்லாவே போச்சு. சந்தோஷமா பாதி தேய்ச்சு முடிச்சப்ப ஆயா பின்னாடி வந்து நின்னுச்சு.

"இன்னா கண்ணு பண்ற?"

"அழுக்கா இருக்கு ஆயா, சுத்தம் பண்றேன்."

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நோட்டை வாங்கிப் பார்த்துது. ரொம்ப நேரம் பார்த்துது. திட்டலை. "இது நைனா எழுத்துடா"ன்னு மட்டும் சொல்லிச்சு.

அப்புறம்தான் மத்த நோட்டை எடுத்து ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டிச்சு. தமிழ்தான், பழைய காலத்துச் சுழிச்ச எழுத்து. 1944 கடைசியில நைனாவுக்குக் காய்ச்சல் வந்து ரெண்டு மாசம் மில்லுக்குப் போகலை. போகலேன்னா சீட்டு இல்லை. அப்ப கூட வேலை செஞ்ச ஆளுங்க தங்களுக்கு வந்த சீட்டுல ஒண்ணு ரெண்டு கொண்டுவந்து கொடுத்திருக்காங்க. யார் யார் எத்தனை சீட்டு கொடுத்தாங்கன்னு நைனா எழுதி வச்சார். எழுதக் காகிதம் இல்லை. கையில இருந்த ஒரே காகிதம் ஜப்பான் நோட்டு. ஒரு பக்கம் பேரு, எதிர்ல சீட்டு எண்ணிக்கை, அதுக்கு எதிர்ல சில இடத்துல ஒரு குறுக்குக் கோடு. கோடு போட்டிருந்தா திருப்பிக் கொடுத்தாச்சு. போர் முடிஞ்சு பத்து வருஷம் வரைக்கும் ஒவ்வொருத்தரா தேடிப்போய் அரிசியா கொடுத்தாராம். அதனாலதான் கத்தையை எரிக்கலை. அதனாலதான் ஆயாவும் கப்பல்ல எடுத்துட்டு வந்துது.

"எல்லாருக்கும் கொடுத்தாச்சா ஆயா?"

"மூணு பேரு பாக்கி. ஒருத்தன் ஊர விட்டே பூட்டான். ஒருத்தி செத்துட்டா. இன்னொருத்தரு..." நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துது. "இதுலதான்டா இருந்துச்சு."

நான் தேய்ச்ச பாதியில.

பேரு ஆயாவுக்கு ஞாபகம் வரலை. அன்னைக்கு ராத்திரி வரைக்கும் யோசிச்சுது. அடுத்த நாள் காலையில எழுந்ததும் அதே கேள்வியை அதுவே அதைக் கேட்டுக்கிச்சு. அப்புறம் விட்டுடுச்சு, இல்ல விட்ட மாதிரி காட்டிக்கிச்சு. 2018-ல ஆயா போய்ச் சேர்ந்துடுச்சு.

போன வருஷம் ஜெர்மனியிலேர்ந்து ஒரு சேகரிப்பாளர், தமிழ் எழுத்து இருக்கிற ஜப்பான் நோட்டுக்குப் பதிலா 1923 க்ரூப் நோட்டு மூணு தர்றேன்னு மெயில் அனுப்பினார். எழுத்து இருக்கிறதுதான் இப்ப அவருக்கு விசேஷமாம். நான் எந்த எழுத்தை அழிச்சா விலை ஏறும்னு நினைச்சேனோ அதுக்குத்தான் இப்ப விலை. க்ரூப் நோட்டு மேல எனக்கு ரொம்ப நாள் ஆசை, ஒத்துக்கறேன். ரெண்டு நாள் ஆபீஸ்ல ஆணியே ஓடலை. அப்புறம் தரலைன்னு பதில் போட்டேன். அவர் நல்ல மனுஷன். கோவிச்சுக்காம, அழிஞ்ச பென்சிலைப் படிக்க ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். அறையை இருட்டாக்கிட்டு நோட்டுக்குப் பக்கவாட்டுல, கிட்டத்தட்ட தரையோட தரையா டார்ச் அடிக்கணுமாம். கரி போனாலும் பென்சில் முனை அழுத்தின பள்ளம் காகிதத்துல இருக்கும், நிழல்ல தெரியும்.

நாலு சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தேன். போன்ல படம் பிடிச்சு, கான்ட்ராஸ்ட் ஏத்தி, இறக்கி, திருப்பி. அப்பாவும் பக்கத்துல உட்கார்ந்து டார்ச் பிடிச்சார். முதல் எழுத்து 'மு'. அதுல எங்க ரெண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. அடுத்தது 'னி'யா 'த்'தான்னு சண்டை. அப்பா முனியன்ங்கறார், நான் முத்துவில் ஏதோங்கறேன். அதுக்கு அப்புறம் ரப்பர் நல்லாவே வேலை செஞ்சிருக்கு.

எண்ணிக்கை மட்டும் தெளிவா தெரியுது. 6 சீட்டு. மத்த எல்லாரையும் விட அதிகம். எதிர்ல குறுக்குக் கோடு இல்லை.